எடைக் கணக்கும் மளிகைக் கணக்கும்

எடையைக் குறைக்க வேண்டும் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும், சுற்றியிருக்கும் அத்தனை பேரிடமும் ஒரு வழி இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் குடி என்பார் ஒருவர். ராத்திரிக்குச் சோறு வேண்டாம், சப்பாத்தி போதும் என்பார் இன்னொருவர். பதினாறு மணி நேரம் பட்டினி கிட, அரிசியை அடியோடு விடு, கொள்ளு ரசம் வை, ஜிம்மில் சேர் என்று பட்டியல் நீளும். இத்தனை யோசனைகளுக்கு நடுவே தமிழ்நாட்டின் எடை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 2015-16இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் மாநிலப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டிருந்தார்கள். 2019-21 கணக்கெடுப்பில் அது 40.4 ஆனது. ஆண்களில் 28.2ஆக இருந்தது 37 ஆனது. நாடு முழுவதற்குமான சராசரி பெண்களுக்கு 24, ஆண்களுக்கு 22.9 மட்டுமே.

ஐந்து ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் மரபணு மாறிவிடாது. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மன உறுதி குலைந்துபோகவும் வழியில்லை. மாறியது நாம் வாங்கும் பொருள், உட்காரும் நேரம், உறங்கும் நேரம், நடக்க இடமில்லாத தெரு. அதனால் எடையைப் பற்றிய எந்தப் பேச்சும் தனி மனிதரின் நாக்கைக் கடிந்துகொள்வதில் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அறிவியல் இதுவரை கண்டறிந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், அதுவும் இதையே சொல்கிறது. சில வாரங்கள் மட்டும் கடைப்பிடிக்கும் கடுமையான விரதத்தை உடல் எதிர்த்து நின்று முறியடிக்கிறது. வருடக்கணக்கில் நிலைக்கும் சிறிய மாற்றத்துக்குத்தான் அது இணங்குகிறது.

அடிப்படைக் கணக்கில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. உண்ணும் உணவின் ஆற்றல், உடல் செலவழிக்கும் ஆற்றலைவிட நாள்தோறும் மிகுந்தால் மிச்சம் கொழுப்பாகச் சேர்கிறது. குறைந்தால் சேர்த்துவைத்தது கரைகிறது. 1890களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்பவர் அடைத்த அறை ஒன்றைக் கட்டினார். அதற்குள் ஆட்களை நாட்கணக்கில் தங்கவைத்து, அவர்கள் தின்றதையும் அவர்கள் உடல் வெளிவிட்ட வெப்பத்தையும் மூச்சுக்காற்றையும் அளந்தார். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு நான்கு கலோரி, கொழுப்புக்கு ஒன்பது என்று இன்றைக்கு பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறம் வரை வந்திருக்கும் கணக்கு அவர் வழி வந்தது.

செலவுப் பக்கம்தான் பலருக்கும் தெரியாதது. சும்மா படுத்திருந்தாலே இதயமும் மூளையும் ஈரலும் சிறுநீரகமும் வேலை செய்ய ஆற்றல் வேண்டும். ஒரு நாள் செலவில் பெரும்பங்கு, சாதாரணமாக 60 முதல் 70 சதவீதம், இதற்கே போய்விடுகிறது. தின்றதைச் செரிக்க ஏறக்குறைய 10 சதவீதம். மீதிதான் நடை, வேலை, உடற்பயிற்சி எல்லாம். முப்பது வயதைத் தாண்டினால் இந்தச் செலவு தானாகக் குறைந்துவிடும், அதனால்தான் தொப்பை என்று ஒரு நம்பிக்கை உண்டு. 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு 29 நாடுகளில், பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஆற்றல் செலவைத் திரட்டிப் பார்த்தது. உடலின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயதிலிருந்து 60 வயது வரை செலவில் மாற்றமே இல்லை. நாற்பதில் வந்த தொப்பைக்கு வயதைக் காரணம் காட்ட முடியாது.

ஆனால் எல்லா உடலும் ஒரே மாதிரி கணக்குப் போடுவதில்லை. கிளாட் பூஷார் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் உருவொத்த இரட்டையர்கள் பன்னிரண்டு ஜோடிகளுக்கு, 84 நாட்கள், வாரத்துக்கு ஆறு நாட்கள் வீதம், ஆயிரம் கலோரி கூடுதலாகக் கொடுத்தார். ஒருவருக்கு ஏறியது 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ. அதே சமயம் ஒரு ஜோடிக்குள் இருவருக்கும் ஏறிய எடை பெரும்பாலும் நெருங்கியே இருந்தது. 1999இல் மேயோ கிளினிக்கின் ஜேம்ஸ் லெவின் பதினாறு பேருக்கு எட்டு வாரம் இதேபோல் மிகையாகக் கொடுத்தபோது, சிலர் தம்மை அறியாமலே அதிகம் அசைந்து, எழுந்து, நடமாடி மிச்சத்தைச் செலவழித்துவிட்டார்கள். சிலருக்கு அந்த அசைவு கூடவே இல்லை. கொழுப்பு சேர்ந்த அளவு 400 கிராமுக்கும் குறைவிலிருந்து நாலேகால் கிலோ வரை வேறுபட்டது. என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாதவரும், மூச்சுவிட்டாலே எடை ஏறுகிறது என்று வருந்துபவரும் பொய் சொல்லவில்லை. ஒரே பந்தியில் ஒரே இலைச் சாப்பாட்டைச் சாப்பிட்ட அக்காவையும் தங்கையையும் ஒப்பிட்டு ஒருத்தியைக் குறை சொல்லும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

இதைவிட முக்கியமானது, குறைக்கும்போது உடல் என்ன செய்கிறது என்பது. இரண்டாம் உலகப்போரின் கடைசியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, இதற்குத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். ஆறு மாதம் அரைப்பட்டினி. நிறைய நடக்கவும் வேண்டும். உடல் எடையில் கால்பங்கு போனது. உடல் குளிர்ந்தது, இதயத் துடிப்பு குறைந்தது, எப்போதும் சோற்றைப் பற்றிய நினைப்பே. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தவர்கள் உண்டு. சோதனை முடிந்து சாப்பாடு தாராளமாகக் கிடைத்தபோது அவர்களுக்குப் பசி அடங்கவே இல்லை. இவர்களுக்குக் கொடுத்த ‘பட்டினி’ உணவு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1600 கலோரி. இன்று நம் ஊர் விளம்பரங்கள் விற்கும் 800, 900 கலோரித் திட்டங்களை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் எடுத்துக்கொள்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வருமானம் குறைந்த வீடு செலவைச் சுருக்கிக்கொள்வதுபோல, வரவு குறைந்த உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்து ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் பரிசோதித்து 2016இல் வெளியிட்டார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அதற்குப் பிறகும் அவர்களின் ஓய்வுநிலைச் செலவு, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்கு 500 கலோரி குறைவாகவே இருந்தது. மெல்பர்னில் 2011இல் வந்த இன்னோர் ஆய்வு பசியைப் பார்த்தது. கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்தவர்களுக்கு, பசியைத் தூண்டும் கிரெலின் முதலிய ஹார்மோன்கள் ஓராண்டு கழிந்தும் பழைய அளவுக்கு வரவில்லை. குறைத்த எடை திரும்பிவிட்டதே என்று நொந்துபோகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் உடல் ஓராண்டாக, ஈராண்டாக அவர்களோடு போராடிக்கொண்டிருக்கிறது.

முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது என்ற பூரிப்பும் இதோடு சேர்ந்தது. தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து அரைக் கிலோ அளவில் இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. அரிசியை நிறுத்தியதும் முதலில் போவது இந்தத் தண்ணீர். மறுபடி சோறு சாப்பிடத் தொடங்கினால் அது திரும்பும். ‘ஏழு நாளில் ஏழு கிலோ’ என்று விளம்பரம் செய்பவர்கள் விற்பது இதைத்தான்.

அப்படியானால் எதை நம்புவது? கெவின் ஹால் 2011இல் ‘லான்செட்’ இதழில் கொடுத்த ஒரு கணக்கை நான் எல்லோருக்கும் சொல்வேன். தினம் உண்பதில் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால், காலப்போக்கில் ஏறத்தாழ ஒரு கிலோ குறையும். அதில் பாதி முதல் ஆண்டிலும், பெரும்பகுதி மூன்று ஆண்டுக்குள்ளும். அவசரப்படுபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் நாளைக்கு நாலு டம்ளர் காபியோ டீயோ குடிப்பவர் ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் சர்க்கரையைக் குறைத்தால் 80 கலோரி. வேறு எதையும் தொடாமல், அது மட்டுமே மூன்று கிலோவுக்கு மேல்.

இந்தக் கணக்கோடு நம் வீட்டு மளிகைப் பட்டியலைப் பார்க்கலாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி வேண்டியவருக்கு ஒரு நாளைக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்று வையுங்கள். தலைக்கு நாளொன்றுக்கு 38 கிராம் வரும். மூன்றரை லிட்டருக்குக் கொண்டுவந்தால் 27 கிராமுக்கு இறங்கிவிடும். மிச்சம் 11 கிராம், அதாவது நூறு கலோரி. ஹால் கணக்குப்படி தலைக்கு நான்கு கிலோ. தாளிப்பைக் குறைக்க வேண்டியதில்லை, வெறுப்போடு சாப்பிட வேண்டியதும் இல்லை. வாணலியில் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுவது, அப்பளத்தைச் சுட்டுக்கொள்வது, பஜ்ஜியையும் வடையையும் விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்வது, இந்த மூன்றிலேயே அந்த ஒன்றரை லிட்டர் வந்துவிடும்.

அரிசிப் பக்கம் வரும்போது, நம் தட்டின் வடிவமே தெரிகிறது. அதே வழிகாட்டி தானியத்துக்கு ஒதுக்குவது 250 கிராம். நாலு பேருக்கு மாதம் 30 கிலோ. சாப்பாட்டு அரிசி 25 கிலோ மூட்டை ஒன்று, அதற்கு மேல் இட்லி அரிசி, கோதுமை மாவு, ரவை, சேமியா என்று கூட்டினால் பல வீடுகளில் இது தாண்டிவிடும். பருப்பு, பயறு, மீன், முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம் என்கிறது. மாதம் பத்துக் கிலோவுக்கும் சற்று மேல். காய்கறி, கீரை 400 கிராம், அதாவது வீட்டுக்குத் தினம் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். இந்த இரண்டையும் எட்டும் வீடுகள் மிகக் குறைவு. குழம்பில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டும், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியலும், நடுவில் மலையாகச் சோறும்தான் நம் மதியச் சாப்பாடு. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுக்க நடத்திய ஆய்வில், இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகத் தெரிந்தது.

இதில் அரசின் பங்கும் உண்டு. ரேஷன் கடையில் அரிசி இலவசம். அது இந்த மாநிலத்தின் அடுப்பை அணையாமல் காத்த பெரிய காரியம், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அட்டைக்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர் என்ற அளவு இன்னும் அப்படியே இருக்கிறது. பருப்பை இரண்டு கிலோவாக்கி, கூடவே பயறோ கொண்டைக்கடலையோ மாதம் ஒரு கிலோ கொடுத்தால், எந்த எடைக் குறைப்பு நிலையமும் செய்ய முடியாததை நியாய விலைக் கடை செய்துவிடும்.

சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பது பற்றி. நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி, கோதுமை மாவில் 320, கேழ்வரகில் 320, கம்பில் 350. பெரிய வேறுபாடு இல்லை. சப்பாத்தியால் எடை குறைந்தவர்கள் உண்மையில் எண்ணிச் சாப்பிட்டதால் குறைந்தவர்கள். சோற்றை யாரும் எண்ணுவதில்லை, சப்பாத்தியை இரண்டு, மூன்று என்று எண்ணுகிறோம். எண்ணெய் விட்டுச் சுட்டு, குருமாவோடு ஐந்து தின்றால் பயனில்லை. கேழ்வரகிலும் கம்பிலும் நார்ச்சத்து அதிகம், அதனால் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும். ஆனால் சிறுதானிய முறுக்கும் சிறுதானிய குக்கீஸும் அந்தக் கணக்கில் வராது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி இங்கே நன்றாகவே நிற்கிறது. எள்ளில் பாதி எண்ணெய். கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம், நல்ல நார்ச்சத்து, கொழுப்பு மிகக் குறைவு. கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடும் என்பது மிகை. பசியை நெடுநேரம் தள்ளிப்போடும் என்பது சரி. வெந்நீரில் கலக்கும் தேனுக்கு அந்தப் பெருமையும் இல்லை. ஒரு மேசைக்கரண்டித் தேன் 60 கலோரிச் சர்க்கரை.

பெரிய உணவுத் திட்டங்களில் எது சிறந்தது என்ற சண்டைக்கும் ஓரளவு விடை கிடைத்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறுபாதிக்கு மாவுச்சத்தையும் குறைக்கச் சொன்னார். 2018இல் முடிவு வந்தது. ஓராண்டில் முதல் குழு 5.3 கிலோவும், இரண்டாம் குழு 6 கிலோவும் குறைத்திருந்தன. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இரு குழுவிலும் 30 கிலோ வரை குறைத்தவரும் இருந்தார், பத்துக் கிலோ வரை ஏற்றிக்கொண்டவரும் இருந்தார். நேரக் கட்டுப்பாட்டு விரதத்தைச் சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் சோதித்தார்கள். கலோரியைக் குறைத்து, காலை எட்டு முதல் மாலை நான்குக்குள் சாப்பிட்டவர்களுக்கும், நேரக் கட்டுப்பாடின்றி அதே கலோரியைக் குறைத்தவர்களுக்கும் ஓராண்டில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2022இல் தெரிந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் தின்பதை நிறுத்த ஒருவருக்கு அது உதவுமானால் செய்யட்டும். மந்திரம் ஒன்றும் அதில் இல்லை.

ஒரே ஒரு சோதனை மட்டும் என்னை உலுக்கியது. கெவின் ஹால் 2019இல் இருபது பேரை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையிலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமையலறையில் ஆக்கிய எளிய உணவு. இரண்டு வகையிலும் பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து சமம். வேண்டியமட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளைக்கு 500 கலோரி அதிகம் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். எடை 900 கிராம் ஏறியது. எளிய உணவில் அதே அளவு இறங்கியது. பாக்கெட் சிப்ஸும் கிரீம் பிஸ்கட்டும் குளிர்பானமும் பள்ளிக்கூட வாசல் வரை வந்துவிட்ட நமக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

இனி உடற்பயிற்சி. மெரினாவிலும் மாவட்டத் தலைநகரங்களின் பூங்காக்களிலும் விடியற்காலையில் நடப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். நடை முடிந்ததும் ஒரு கூட்டம் அருகம்புல் சாறு விற்கும் வண்டிக்குப் போகும், இன்னொரு கூட்டம் பக்கத்து ஓட்டலில் உளுந்து வடைக்கும் காபிக்கும் உட்காரும். 65 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் கூடுதலாகச் செலவாவது சுமார் 200 கலோரி. இரண்டு வடையும் சர்க்கரை போட்ட காபியும் அதற்கு மேல். நடைக்குப் பிறகான பசிதான் நடையின் பலனைத் தின்றுவிடுகிறது. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களை ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்சர் 2012இல் அளந்தபோது, நாளெல்லாம் நடக்கும் அவர்களின் மொத்த ஆற்றல் செலவு, உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், நாற்காலியில் உட்காரும் அமெரிக்கரின் செலவிலிருந்து வேறுபடவில்லை. அசைவு கூடினால் உடல் வேறு இடத்தில் மிச்சம் பிடிக்கிறது என்பது அவர் விளக்கம். அதை முழுதும் ஏற்காதவர்களும் உண்டு. உணவைக் கவனிக்காமல் நடை மட்டுமே எடையை அதிகம் குறைக்காது என்பதில் மட்டும் கிட்டத்தட்ட எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

அதற்காக நடையை விட்டுவிடுபவர் பெரிய தவறு செய்கிறார். குறைந்த எடையைத் திரும்ப ஏறவிடாமல் வைத்திருப்பவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்துக் கவனித்துவருகிறார்கள். அவர்களில் மிகப் பலர் தினம் ஒரு மணி நேரம் உடலை இயக்குகிறவர்கள். எடையைத் தாண்டியும் பலன் உண்டு. 1953இல் ஜெரமி மாரிஸ் என்ற ஆய்வாளர் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்கள் 31,000 பேரை ஆராய்ந்தார். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, இரட்டை மாடிப் பேருந்தின் படியில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. பிறகு அவர் சீருடைக் கிடங்கின் பதிவுகளை எடுத்துக் கால்சட்டைகளின் இடுப்பளவைப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது. வேலையில் சேரும்போதே அவர்கள் சற்றுப் பருத்தவர்கள் என்றால், குற்றம் முழுவதையும் இருக்கை மேல் போட முடியாது என்பதை மாரிஸே எடுத்துக் காட்டினார். ஆராய்ச்சியாளருக்கு இருக்க வேண்டிய நேர்மை அது. அதற்குப் பின் வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகள் உடலியக்கத்தின் பலனை உறுதிசெய்துவிட்டன. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், இரண்டு நாள் தசைக்கு வேலை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டாவதை நம்மில், குறிப்பாக ஐம்பது தாண்டிய பெண்களில், ஏறக்குறைய யாருமே செய்வதில்லை. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அல்லாமல் இரு கையிலும் மாற்றித் தூக்குவது எல்லாம் அந்தத் தசைக்கான வேலைதான்.

நம் உடலின் தனித்தன்மையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் தங்கள் இருவர் படத்தையும் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) இருவருக்கும் 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இது பிறப்பிலேயே தொடங்குகிறது என்று யாஜ்னிக்கின் புனே ஆய்வு காட்டியது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறக்கும் குழந்தையைவிடப் புனேயின் கிராமத்துக் குழந்தை 800 கிராம் எடை குறைவு. தசையும் உறுப்பும் சிறுத்திருக்க, முதுகின் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையாமல் இருந்தது. இதனால்தான் உடல் நிறை எண்ணில் நமக்கு எச்சரிக்கை எல்லை 25 அல்ல, 23. அதைவிட முக்கியமானது இடுப்புச் சுற்றளவு. ஒல்லியான கை கால், முன்தள்ளிய வயிறு என்பது நம்மிடையே சர்க்கரை நோயின் வாசல்.

இதற்கு மாற்று உண்டா என்று கேட்பவர்களுக்குச் சென்னையில் ஏ. ராமச்சந்திரன் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வைச் சொல்வேன். நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர், மூன்று ஆண்டு. உணவைச் சீராக்கி, தினம் அரை மணி நேரம் நடந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்தவர்களுக்கு 26.4. இதில் நெஞ்சில் பதியவேண்டியது, நடந்தவர்களின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை என்பது. எடை மெஷினின் முள் நகரவில்லையே என்று மூன்றாவது மாதம் நடையை நிறுத்திவிடுபவர்கள், தங்கள் ரத்தத்துக்குள் நடந்துகொண்டிருந்த நன்மையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டு, வீணாகக் கூடாதே என்று பாத்திரத்தில் மிஞ்சியதையும் தன் தட்டில் போட்டுக்கொள்கிறவர் நம் அம்மா. ஒன்பதரை, பத்துக்குச் சாப்பாடு, பதினொன்றுக்குப் படுக்கை, ஐந்தரைக்கு எழுந்திருத்தல். சிகாகோவில் 2022இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய 80 இளையவர்களில் ஒரு பகுதியினரைச் சற்றே அதிகம் தூங்கச் செய்ததும், யாரும் எதையும் சொல்லாமலே நாளைக்கு 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். தூக்கம் வீட்டில் பங்கிடப்படும் வேலையைப் பொறுத்தது. அதிக எடையுள்ள பெண்களிலும் ரத்தசோகை உள்ளவர் ஏராளம். நம் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். இவர்களிடம் ‘சாப்பாட்டைக் குறை’ என்று மட்டும் சொல்வது கொடுமை. சோற்றில் ஒரு கரண்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கீரையும் சுண்டலும் முட்டையும் வைக்க வேண்டும். சந்தியில் நடக்கத் தயங்கும் பெண்ணுக்கு வெளிச்சமுள்ள, நாய் துரத்தாத, பைக் ஏறாத நடைபாதை வேண்டும். 2023இல் அரசு மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைப்பாதையை ஒதுக்கியது நல்ல தொடக்கம். வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை உள்ள நானூறு மீட்டருக்கு அது இன்னும் வரவில்லை.

ஊசி மருந்துகள் வந்துவிட்டன. செமாகுளூட்டைடு என்ற மருந்து 68 வாரத்தில் எடையில் ஏறத்தாழ 15 சதவீதத்தைக் குறைத்ததாக 2021இல் ஆய்வு வந்தது. டிர்செபடைடு அதையும் மிஞ்சியது. 2025 முதல் இரண்டும் எடைக் குறைப்புக்காகவே இந்தியாவில் விற்பனையில் உள்ளன. பருமனால் மூட்டு தேய்ந்து, மூச்சு முட்டி, நீரிழிவோடு வாழ்பவர்களுக்கு இவை பெரிய வரம். அவர்களைச் சோம்பேறிகள் என்று பார்ப்பவர்களுக்கு, பருமன் ஒரு நோய் என்பதை இந்த மருந்துகளே நிரூபித்துவிட்டன. ஆனால் நிறுத்தினால் ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. கல்யாணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க, மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பொருள் இவை அல்ல.

எடை மெஷினுக்குப் போகும் முன் தையல் டேப் ஒன்றை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை இயல்பாக விட்டு அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டியிருந்தால் இந்த வாரமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள், செலவில்லை. அடுத்த மாத மளிகைப் பட்டியலில் எண்ணெயை ஒரு லிட்டர் குறைத்து, பயறு இரண்டு கிலோ கூட்டி எழுதுங்கள். வீட்டில் பருத்த குழந்தை இருந்தால் அதைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.